ஏலம் போன முகம்

கொல்லம் ஆயிரத்து நூற்றொன்றாம் ஆண்டு மாசி மாதம், தாழங்காட்டுவிளை ஆலயத்து அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன நாற்பது படங்களும் ஒரே கட்டையில், ஒரே மையில், ஒரே காலையில் அச்சானவை. பண்டிகை முடிந்து ஒரு வாரத்துக்குள் நாற்பதும் நாற்பது விதமாக மாறிவிட்டன. மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல் அந்த வருஷம் நல்ல விளைச்சல். தேங்காய் விலை இறங்கியிருந்தது. இராஜாக்கமங்கலம் கடற்கரையில் நெத்திலி வண்டி வண்டியாக ஏறியது. படங்கள் மாறியதையும் ஊர் இவற்றோடு சேர்த்துத்தான் பேசியது. முதலில் மையின் கோளாறு என்றார்கள், அப்புறம் தாளின் கோளாறு என்றார்கள். மனுஷரின் கோளாறு என்று ஒத்துக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

படத்தில் இருந்தவரும் அதைச் செதுக்கியவரும் ஒரே ஆள்தான், பிளாக் வெட்டுகிற ஆபேல். நாகர்கோவிலில் அப்போது சபைப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்த ஓர் அச்சகத்துக்கு அவர் படம் வெட்டிக் கொடுத்துவந்தார். மதராஸிலிருந்து செம்புத் தகட்டு பிளாக் வரவழைத்தால் பத்திரிகையை விற்றாலும் கட்டாது. ஆகவே உபதேசியார் யாராவது கர்த்தருக்குள் நித்திரையடைந்தால், மிஷனரி அம்மாள் யாராவது கப்பலேறினால், போட்டோ ஆபேலிடம் வரும். அவர் வெட்பாலைக் கட்டையை இழைத்து, சிற்றுளியால் அந்த முகத்தை அதில் இறக்கிவிடுவார். ஆபேல் கை பட்டால் கோணல் மூக்கு நிமிரும், அம்மைத் தழும்பு மறையும், ஒன்றரைக் கண் நேராகும். உயிரோடு இருந்தபோது வராத களை செத்த மாசத்துப் பத்திரிகையில் வந்துவிடும். ஓர் உபதேசியாரின் விதவை பத்திரிகையைப் பிரித்துப் பார்த்து, இந்த மனுஷனை நான் கட்டியிருக்கலாமே என்று அழுததாக ஒரு கதை உண்டு. வயதான டீக்கன்மார் சிலர் ஆபேலை வழியில் கண்டால் எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே சிரித்து வைப்பார்கள்.

இப்படி ஊரிலுள்ள முகங்களையெல்லாம் செப்பனிட்டுக் கொடுத்த ஆபேலுக்குத் தன் முகத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது. அதைச் செப்பனிட வேண்டியதில்லை என்றே எண்ணியிருந்தார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியபோது அவருக்கு ஒரு கவலை வந்தது. நான் செத்தால் என் படத்தை வெட்டப்போகிறவன் யார்? ஆகவே தானே வெட்டிவிடுவது என்று தீர்மானித்தார். வேலையை அவர் எப்போதும் வீட்டில்தான் செய்வார். வெளிச்சத்துக்காக முன்னறை ஜன்னலோரம் பலகையைப் போட்டு, முகத்தை ஜன்னலுக்குக் கொடுத்து உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அவருடைய மனைவி ராஜபாய் அதே அறையில் உள்ளே தள்ளிப் பாய் விரித்து, மிஷன் பள்ளிக்கூடத்துக்கு லேஸ் பின்னிக்கொண்டிருப்பார். ஒரே மகளை நெய்யூரில் கட்டிக் கொடுத்தபிறகு வீட்டில் உளியின் சத்தமும் நூல் சுற்றிய லேஸ் கட்டைகளின் சத்தமும்தான். ராஜபாய் அதிகம் பேசாதவர். ஆபேல் அதைத் தம்முடைய அதிர்ஷ்டங்களில் ஒன்றாகக் கருதினார்.

மற்றவர்களின் படத்தை வெட்டும்போது போட்டோவின்மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்து, அந்தத் தாளை மறுபுறம் திருப்பிக் கட்டையில் ஒட்டுவது வழக்கம். கட்டையில் இடது வலதாக இருந்தால்தான் அச்சில் அது மறுபடி இடதுக்கு வரும். தனக்கென்று வந்தபோது போட்டோ கிடையாது. ராஜபாயின் கல்யாணப் பெட்டியோடு வந்த கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, கண்ணில் பட்டதை அப்படியே கட்டையில் இறக்கினார். திருப்ப மறந்தார். இருபத்தைந்து வருஷமாக எழுத்தையும் முகத்தையும் திருப்பிப் போட்டே பிழைத்த மனுஷன் தன் முகத்தில் அதை மறந்ததற்கு, கண்ணாடியில் தெரிந்தது அவ்வளவு பிடித்துப்போனது தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு; ஆபேல் விஷயத்தில் குஞ்சும் காக்கையும் ஒன்றுதான்.

அச்சில் ஏற்றி முதல் தாளை எடுத்தபோது வகிடு மறுபக்கம் போயிருந்தது. மரு மற்றக் கன்னத்தில் உட்கார்ந்திருந்தது. மூக்கு எதிர்த்திசையில் கோணியிருந்தது.

“இது நானில்ல” என்றார் ஆபேல்.

அச்சக மானேஜர் இஸ்ரவேல் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஓய், இதுதான் நீரு. நாங்க தெனமும் பாக்க மொகம் இதுதான். கண்ணாடியில நீரு பாக்கது வேற ஆளு.”

கம்போசிட்டர்களும் வந்து பார்த்து அச்சு அசல் ஆபேல் என்றார்கள். ஊர் பார்க்கிற முகம் ஒன்று தன்னிடம் தனியாக இருக்கிறது என்பதை ஆபேல் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். வேறொருவர் என்றால் கட்டையை அடுப்பில் வைத்திருப்பார். ஆபேலோ, ஊருக்குத் தெரிந்த முகம் என்றால் அது ஊரிடமே இருக்கட்டும் என்று நாற்பது பிரதி எடுத்து, அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோனார்.

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் கைப்பாட்டின் முதற்பலனைக் கொண்டுவர வேண்டும் என்பது சபையின் முறை. வயல்காரர் நெல் கொண்டுவருவார், தோட்டக்காரர் ஏத்தன் வாழைக்குலை கொண்டுவருவார், பனை ஏறுகிறவர் கருப்பட்டி கொண்டுவருவார். மரச்சீனிக் கிழங்கும் பூசணியும் சேவலும் பீடத்தின்முன் குவியும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் போட்டுப் பணத்தை சபைக்கு எடுத்துக்கொள்வார்கள். என் கைப்பாடு இதுதான் என்று ஆபேல் நாற்பது ஆபேல்களைக் கொண்டுபோய்ச் சேவல்களுக்குப் பக்கத்தில் வைத்தபோது போதகர் யேசுதாசன் ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டார். காணிக்கையைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் சபையில் கிடையாது. ஏலம் போடுகிற டீக்கன் பொன்னுலிங்கம் பெரிய தொண்டைக்காரர். அவர் எவ்வளவு கத்தியும் முதல் படத்தைக் கேட்க ஆளில்லை. கடைசியில் போதகரே எழுந்து, ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலைப் போல நம் சபைக்கு ஆபேல் என்று இரண்டு வார்த்தை பேசி, ஒரு கூறு கத்தரிக்காயின் விலைக்கு அதை எடுத்துக்கொண்டார். போதகர் எடுத்தபிறகு மற்றவர்கள் எடுக்காமல் இருக்க முடியுமா? இஸ்ரவேல் ஒன்று எடுத்தார். வருஷா வருஷம் ஏத்தங்குலைக்காக ஏலத்துக்கு வருகிற வயல்காரர் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை சைவர் என்றாலும், “நம்ம ஆபேலு தங்கமான மனுஷன்லா” என்று சொல்லி ஒன்று எடுத்தார். வாசலில் மீன் கூடையோடு நின்ற முத்துக்கனிக்கு ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டுக்கு ஒன்று கிடைத்தது. மிச்சம் ஒன்று இருக்கையில் பெண்கள் பக்கத்திலிருந்து, “அது எனக்கு” என்று ஒரு குரல் வந்தது. ராஜபாயின் குரலை அந்த ஆலயத்தில் பாட்டில் தவிர யாரும் கேட்டதில்லை.

“ராஜபாயக்கா, அசலு வீட்டுலதானே கெடக்கு, பிறவு நகல் என்னத்துக்கு?” என்று பொன்னுலிங்கம் கேட்க, சபை சிரித்தது. ராஜபாய் லேஸ் பின்னிய காசை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டார்.

யார் பெயருக்கு ஏலம் இறங்கியதோ அவர் மனசில் ஆபேல் எப்படியோ, படத்திலும் அப்படியே ஆனார். இதுதான் நடந்தது, இதற்குமேல் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. போதகர் வீட்டுச் சுவரில் பெசலெயேல் இருக்க வேண்டிய இடத்தில், தலை சாய்ந்து, வாய் திறந்து, கடைவாயில் எச்சில் வழிய ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆபேல் பிரசங்க நேரத்தில் அப்படித் தூங்குவதைப் போதகர் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். பொறுமையாக இருந்ததாகத்தான் அவரும் நம்பியிருந்தார். இஸ்ரவேலின் படத்தில் ஒரு பெரிய மானேஜர் நாற்காலியும், அதன் காலடியில் கட்டைவிரல் உயரத்தில் ஓர் ஆபேலும் இருந்தார்கள். ஆறுமுகப்பெருமாள் பிள்ளையின் படத்தில் ஆபேல் முற்றத்துக்கு வெளியே, வாசல் படிப்புரையிலிருந்து நன்றாகத் தள்ளி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கமான மனுஷன்தான், முகமும் தங்கமாகத்தான் இருந்தது, நின்ற இடம்தான் வெளியே. பிள்ளை படத்தைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. சரியான இடத்தில்தான் நிற்கிறான் என்று திருப்திப்பட்டு, பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மற்ற வீட்டுக்காரர்கள் படத்தைக் கண்டு பயந்து மறைத்துவைத்தார்களே தவிர, ஆபேலிடம் யாரும் மூச்சு விடவில்லை. விஷயத்தை அவருக்குச் சொன்னவர் முத்துக்கனிதான். ஒரு நாள் காலை கூடையை இறக்கி, பனையோலைக்கு அடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அதில் முகமே இல்லை. ஒரு கைமட்டும் இருந்தது, ஒரு சாளை மீனின் செவுளைத் தூக்கிப் பிடித்தபடி.

“அச்சுக்காரரே, இது உமக்க கைதானே? செவுளத் தூக்கிப் பாத்துட்டு, நாறுதுன்னு சொல்லிட்டு, பாதி வெலைக்குக் கேக்க கை. எனக்குத் தெரிஞ்ச ஆபேலு இம்புட்டுதான்.”

“மொகம் எங்க போச்சு?”

“மொகத்த நான் எப்பம் பாத்தேன்? நீரு மீனத்தானே பாப்பீரு.”

அன்று முதல் ஆபேல் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். அவர் படியேறுகிற சத்தம் கேட்டால் உள்ளே சுவரிலிருந்து ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்கும். சிலர் படத்தைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். சிலர் மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டோம் என்றார்கள். படத்தின்மேல் முதுகை அழுத்திக்கொண்டு நின்றபடியே காப்பி கொடுத்தவர்களும் உண்டு. ஆனாலும் ஆபேல் பார்த்துவிட்டார். ஒன்றில் கழுதை, ஒன்றில் சேவல், ஒன்றில் பல்லைக் காட்டுகிற மனுஷன், ஒன்றில் வெறும் சட்டை. தாம் முகம் திருத்திக் கொடுத்த உபதேசியாரின் விதவை வீட்டுப் பிரதியில் ஆபேலின் தலையைச் சுற்றி ஒளிவட்டமே இருந்தது. அதைத் தவிர எங்கும் அவர் கண்ணாடியில் கண்ட ஆள் இல்லை. அவர் அழவில்லை, கோபப்பட்டார். சபைக் கமிட்டிக்கு விண்ணப்பம் கொடுத்தார். கமிட்டி கூடி, இனிமேல் சபையார் யாவரும் சகோதரர் ஆபேலைக் குறித்து நல்லெண்ணமே கொள்வது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, ஜெபத்தோடு கலைந்தது. மறுநாள் காலை கமிட்டி உறுப்பினர் அனைவர் வீட்டுப் படத்திலும் ஆபேலுக்குக் காது சற்று நீண்டிருந்தது. இரண்டு வீட்டில் கொம்பும் முளைத்திருந்தது.

போதகர் யேசுதாசன் நல்ல மனுஷர். தீர்மானத்தை மதித்து உண்மையாகவே முயன்றுபார்த்தார். அதிகாலையில் படத்தின்முன் முழங்காலில் நின்று, ஆண்டவரே, இவரை நான் நேசிக்க எனக்கு இருதயம் தாரும் என்று ஒரு மாசம் ஜெபித்தார். படத்தில் ஆபேலின் வாய் மெல்ல மூடியது, எச்சில் காய்ந்தது, ஒரு கண் பாதி திறந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் நேசத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். நடுவில் ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வாய் பழையபடி திறந்திருந்தது. இந்த முறை உள்நாக்குவரை தெரிந்தது.

ஆபேலும் தம் பங்குக்கு முயன்றார். பார்க்கிறவர்களையெல்லாம் புகழ்ந்தார். இஸ்ரவேல் வீட்டுக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினார், பொன்னுலிங்கத்தின் தொண்டையை எக்காளத்துக்கு ஒப்பிட்டார், பிள்ளையைக் கண்டால் இடுப்பு ஒடியக் கும்பிட்டார். படங்களுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. பாதி வீடுகளில் அவருக்கு நாக்கு வளர்ந்து சட்டத்துக்கு வெளியே தொங்கியது. பிள்ளையின் படத்தில் குனிந்து குனிந்து அவர் சட்டத்தின் அடிக்கட்டைக்குக் கீழே போய்விட்டார். செருப்பு மட்டும் மிச்சமிருந்தது. சரி, போகட்டும் என்று ஆபேல் விட்டுவிட்டார். அவர் விட்டதும் நாக்குகள் சுருங்கிப் பழைய கழுதையும் சேவலும் திரும்பிவந்தன. ஊருக்கும் பழகிப்போயிற்று. வெளியூர் விருந்தாளி வந்தால், இது எங்கள் ஊர் ஆபேல், மனசுக்குத் தக்கபடி மாறுவார் என்று பஞ்சாங்கத்தில் மழை நாளைக் காட்டுகிறதுபோல் காட்டினார்கள். ஆனால், எனக்கும் கண்ணாடி பார்த்து ஒரு படம் வெட்டித் தாரும் என்று ஆபேலிடம் ஒருவரும் வரவில்லை. போட்டோவைத்தான் கொடுத்தார்கள், கொடுக்கும்போதே, நல்லாத் திருப்பி வெட்டணும், மறந்திராதேயும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

ஊரே நினைப்பது தெரிந்தபிறகும் ஆபேலுக்குச் சோறு இறங்கியது. ராஜபாய் நினைப்பது தெரியாமல்தான் இறங்கவில்லை. அவர் வாங்கிய படம் லேஸ் பெட்டிக்குள் போனதை ஆபேல் பார்த்திருந்தார். அது வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷ வாழ்க்கையில் ராஜபாய் அவரை நல்லவர் என்றும் சொன்னதில்லை, கெட்டவர் என்றும் சொன்னதில்லை. ஒரு நாள் ஓர் ஆங்கிலேய அம்மாளின் தொப்பியைக் கட்டையில் செதுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“அந்தப் படம் எப்பிடி இருக்கு?”

“பெட்டியில இருக்கு. பூட்டு ஒண்ணும் கெடையாது. பாக்கணும்னா எடுத்துப் பாருங்க.”

“பொறவு பாக்கேன்.”

அந்தப் ‘பிறகு’ வர ஏழு வருஷம் பிடித்தது. ஆபேல் கோழை அல்ல. கொம்பையும் கழுதையையும் பார்த்தவர். ஆனால் இந்த ஒரு படத்தில் தாம் அழகாக இருக்கக்கூடும் என்று நம்ப ஓர் இடம் மிச்சமிருந்தது. பெட்டியைத் திறந்தால் அந்த இடம் போய்விடலாம். மனசில் அவரே நூறு விதமாக அதை வெட்டிப் பார்த்துக்கொண்டார். சில நாள் அதில் அவருக்கு ஒளிவட்டம் இருந்தது. குழம்பில் உப்பு கூடின நாளில் கொம்பு இருந்தது. பெட்டி அவருக்கு நான்கு முழம் பின்னால்தான் இருந்தது.

ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு சித்திரையில் ராஜபாய் பின்னாலிருந்து ஒரு விஷயம் சொன்னார். திருவனந்தபுரத்தில் புதிதாக லேஸ் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்குகிறார்கள், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அங்கேயே தங்க ஓர் ஆள் வேண்டும் என்கிறார்கள், நான் சரி என்று சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் போகிறேன். ஆபேல் அப்போது, காலஞ்சென்ற ஒரு தலைமையாசிரியரின் தாடியில் இருந்தார். தாடி சிக்கலான வேலை. “ம்” என்றார். தாடி முடிந்து மீசைக்கு வந்தபோதுதான் காதில் விழுந்தது மனசுக்குள் இறங்கியது. உளியைக் கீழே வைத்துத் திரும்பினார். ராஜபாய் கிணற்றடிக்குப் போயிருந்தார். பாயின்மேல் இரண்டு சேலை மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் லேஸ் பெட்டி. ஒரு வாரம் தங்கி வர இரண்டு சேலை போதும். ஆனால் கல்யாணச் சேலையும் அந்த இரண்டில் ஒன்றாக இருந்ததை ஆபேல் கண்டார். இவள் திரும்பி வருவதாகச் சொல்லவில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெட்டியைத் திறந்தார்.

படத்தில் இருந்தது அவருடைய முதுகு. கழுத்துப் பட்டை, பிடரி, இரண்டு காதின் பின்புறம், குனிந்த தலை, அதற்கு அப்பால் ஜன்னல் வெளிச்சம். முகம் என்று ஒரு கோடுகூட இல்லை. ஆனால் அந்த முதுகு இருந்த நேர்த்தியை ஆபேல் ஒரு தொழில்காரராகவும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிடரியில் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது இருந்தது. சட்டைக் கழுத்து கிழிந்து தைத்த இடத்தில் ஒவ்வொரு தையலும் தனித்தனியாக இருந்தது. இடது தோள் வலதைவிட ஒரு நெல்லளவு தாழ்ந்திருந்தது. அது அவருக்கே தெரியாது. முடி நரைத்த வரிசைகூட இருந்தது, எது முதலில், எது பிறகு என்று சொல்லும்படியாக. ஊரில் ஒருவரும் அவரை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. இவ்வளவு கவனமாகப் பார்த்தவருக்கு அவர் காட்டியது இவ்வளவுதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், ஆபேலுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அங்கேயே பாயில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

ராஜபாய் ஈரக் கையோடு உள்ளே வந்தபோது ஆபேல் எழுந்து அவர் எதிரே போய் நின்றார். ராஜபாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாக் வெட்டுகிறவரின் கண், அது தன் வேலையைச் செய்தது. கன்னம் ஒட்டியிருந்தது. புருவத்தின்மேல் ஒரு சின்ன வெட்டுத்தழும்பு இருந்தது. பேசுவதற்கு உதடு பிரிந்தபோது மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

“ராஜபாய், இந்தப் பல்லு எப்பம் போச்சு?”

ராஜபாய் கையை முந்தானையில் துடைத்தார். “வெள்ளத்துக்கு முந்தின வருசம்.”

பெரிய வெள்ளம் வந்தது ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆகிறது பத்து வருஷம்.

“போவாண்டாம்” என்றார் ஆபேல்.

“சொல்லியாச்சு, போயித்தான் ஆவணும். எனக்குப் போவணும்னும் இருக்கு.” பாயிலிருந்த சேலைகளைச் சரியாக அடுக்கிவிட்டு ராஜபாய் மேலும் சொன்னார். “சனிக்கெழம மத்தியானம் பஸ் உண்டு. வருவேன். முக்குல வந்து நின்னா நில்லுங்க. இல்லன்னா மறுவாரம் நெய்யூருலயே எறங்கிக்கிடுவேன். மகளுக்க வீடு இருக்கு.”

அவர் போனார், படமும் பெட்டியோடு போயிற்று. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஆபேல் உளியைத் தொடாமல் வெளியே இறங்கினார். ரோடு பிரிகிற முக்கில் ஆலமரத்தடியில், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டைப் பார்த்து நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. தூசி கண்ணில் விழுந்தது. முதல் வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ராஜபாயிடம், “கூட்டமா?” என்று கேட்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மறுவாரம் பெட்டியை வாங்கிக்கொண்டார். மழைக்காலத்தில் குடையோடு நின்றார். பஸ் வழியில் பழுதாகி இருட்டுகிறவரை வராத நாட்களிலும் நின்றார். பத்திரிகைக்குப் படம் சனிக்கிழமைகளில் வந்துசேருவதில்லை என்று இஸ்ரவேல் கோபித்துக்கொண்டார். அவர் வீட்டுப் படத்தில் கட்டைவிரல் ஆபேல் இன்னும் கொஞ்சம் குட்டையானார். எதிரே வருகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து ஆபேலின் கையும் கெட்டுப்போயிற்று. செத்தவர்களுக்கு அவரவர் மூக்கே வரத் தொடங்கியது. குடும்பத்தார் முறையிட்டார்கள். ஒரு டீக்கனின் மகன் மட்டும், அப்பாவைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்று அந்த இதழை இரண்டு பிரதி வாங்கினார்.

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஐப்பசியில் சமஸ்தானத்துக் கோயில்களையெல்லாம் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டு ராஜ விளம்பரம் வந்தது. வாசல்களைப் பற்றியே பேச்சாக இருந்த அந்த மாசத்தில் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் அடிக்கடி போய்ப் பார்த்தார். ஆபேல் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; அவருக்கும் அந்த விளம்பரத்துக்கும் சம்பந்தமில்லை. படத்தில் அவர் முற்றத்துக்கு வெளியேதான் நின்றார், செருப்பும் கையில்தான் இருந்தது. பிள்ளைக்கு நிம்மதி. போதகர் யேசுதாசன் வேறு சபைக்கு மாறிப்போனார். படத்தை எடுத்துப் போகாமல் விட்டுவிட்டுப் போனதால், புதிதாக வந்த போதகர் அந்தத் தூங்குகிற மனுஷர் யாரோ பரிசுத்தவான் என்று நினைத்து, அதன்கீழ் ஒரு வசனத்தை ஒட்டிவைத்தார். முத்துக்கனியின் பிரதியில் கை மீனை விட்டுவிட்டது. சனிக்கிழமைக்கென்று ஆபேல் விலை பேசாமல் மீன் வாங்குகிறார் என்று கடற்கரையில் பேச்சு.

யுத்தம் வரும் என்று தாள் விலை ஏறத் தொடங்கிய ஆயிரத்து நூற்றுப் பதினான்காம் ஆண்டில், திருவனந்தபுரத்து லேஸ் பள்ளிக்கூடத்தில் ராஜபாயோடு வேலை பார்த்த சத்தியபாய் டீச்சர் ஒரு திங்கட்கிழமை கத்தரிக்கோல் தேடி அவருடைய பெட்டியைத் திறந்தார். மேலே ஒரு படம் கிடந்தது. ஒரு மனுஷர் முக்கால்வாசி முதுகைக் காட்டி நின்றார். ஒரு காது முழுசாகத் தெரிந்தது, கன்னத்தின் விளிம்பும் அதில் ஒரு மருவும் தெரிந்தன.

“இது ஆரு, அக்கா?”

“எனக்க வீட்டுக்காரரு. திரும்பிட்டு இருக்காரு” என்றார் ராஜபாய், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். “காது போன வருசம் வந்துது. கண்ணு கும்பப்பூவுக்குள்ள வந்திரும்.”

சத்தியபாய் படத்தை மறுபடி ஒருதரம் பார்த்தார். இந்த வேகத்தில் போனால் வரும்தான் என்று அவருக்கும் பட்டது. படத்தை மடங்காமல் ஓரமாக வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.